குப்பையில் கிடந்த ஒரு புள்ளி

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் "குப்பை அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த புதிதில் அது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. "மேடம்" என்று கூப்பிட்டேன்.

"மேடமா? அது யாருடி? குப்பை அக்கான்னே கூப்பிடு. எதைத் தூக்கி எறியணும்னு சொல்றதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க."

ஒரு சாலைச் சுரங்கத்தின் நடுவே, மலைக்கு அடியில் இருக்கிறது எங்கள் கூடம். லாரிகள் இரைந்துகொண்டு போகும் பாதையின் ஓரத்தில் ஓர் இரும்புக் கதவு. உள்ளே போனால் செருப்பு மாற்ற ஒரு பெஞ்சு, தலைமூடி, கையுறை, அப்புறம் இன்னொரு கதவு. ஈயக்கட்டிச் சுவருக்குள் ஒரு தொட்டி. அதில் திரவ நைட்ரஜனின் குளிரில் ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகங்கள் தொங்குகின்றன.

அந்தப் படிகங்களில் இருக்கும் கோடானுகோடி அணுக்கருக்களில் ஏதோ ஒன்று, எப்போதோ ஒருமுறை, இரண்டு எலெக்ட்ரான்களை ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். இரட்டை பீட்டா சிதைவு என்று இதற்குப் பெயர். வழக்கமாக நியூட்ரினோ என்னும், கருவிக்குச் சிக்காத இரண்டு நுண்துகள்களும் கூடவே கிளம்பி, ஆற்றலில் ஒரு பங்கைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அவை இல்லாமலே இது நடக்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. நடந்தால் ஆற்றல் முழுவதும் எலெக்ட்ரான்களிடமே இருக்கும். வரைபடத்தில் முன்கூட்டியே தெரிந்த ஓர் இடத்தில் ஒரு புள்ளி விழும். அந்த ஒரு புள்ளிக்காகத்தான், வெளிக் கதிர்கள் வந்து குழப்பாமல் தடுக்க இத்தனை ஈயமும் தலைக்கு மேலே ஒரு மலையும்.

ஆனால் படிகம் எதற்கெல்லாமோ சிலிர்த்துக்கொள்ளும். நைட்ரஜன் நிரப்பும்போது குமிழிகள் கிளம்பினால் நடுங்கும், பொய்ப் புள்ளிகளைக் காட்டும். எந்தப் புள்ளியை நம்பலாம், எதைக் கழிக்க வேண்டும் என்ற விதிகளை எழுதுவது அக்காவின் வேலை. இருபது வருடமாக அதையே செய்கிறார். பேராசிரியர் பட்டம் எதுவும் இல்லை. ஒப்பந்த வேலை, ஒவ்வொரு முறையும் நீட்டித்து நீட்டித்து ஓடுகிறது.

அவர் கணவர் டவுன் பஸ் டிரைவர். ஒருநாள் அவர் வண்டியில் நாங்கள் ஏறியபோது என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒருத்தன் வருவான் வருவான்னு இருபது வருஷமா ஸ்டாப்புல நிக்கிறா உங்க அக்கா. அவன் இருக்கானான்னே தெரியாதாம். நீயும் போய்க் கூட நிக்கிறியேம்மா!"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார் அக்கா.

எங்களிடம் கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. அந்தக் குறிப்பிட்ட இடத்தில் விழும் புள்ளிகளைக் கணினி எங்களுக்குக் காட்டாமல் மூடியே வைத்திருக்கும். அதைப் பெட்டி என்போம். கழிக்கும் விதிகள் எல்லாவற்றையும் முடிவு செய்து பூட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். திறந்த பின் விதியைத் தொடக் கூடாது. ஆசைப்பட்டதைத்தான் கண் தேடும் என்பதால் இந்த ஏற்பாடு.

நைட்ரஜன் நிரப்பியதும் ஒரு மணி நேரத்துக்கு விழுவதையெல்லாம் கழித்துவிட வேண்டும் என்று அக்கா தொடக்கத்தில் எழுதியிருந்தார். பின்னால் அவரே பார்த்துவிட்டார், கால் மணி நேரத்திலேயே நடுக்கம் அடங்கிவிடுகிறது. விதியைக் குறைக்க வேண்டும் என்று கூட்டத்திலும் சொன்னார். அதற்குச் சோதனை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அவர் கணவருக்கு நெஞ்சுவலி. அக்கா ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். விதிகளைப் பூட்டும் நாள் வந்தது, பழைய விதியே உள்ளே போனது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பெட்டியைத் திறந்த அன்று சுரங்க வாசலில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலக அறையில் கூடியிருந்தோம். ஏதாவது கிடைத்தால் பெரிய தொட்டிக்கு அனுமதி கிடைக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் இந்தத் தொட்டியைப் பிரித்துவிடுவார்கள், அக்காவின் வேலையும் அதோடு முடியும். இது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர் விசையை அழுத்தினார். திரையில் அந்த இடம் காலியாக இருந்தது.

முன்பே திட்டமிட்டிருந்தபடி, கழித்த புள்ளிகளையும் சாம்பல் நிறத்தில் திரையில் கொண்டுவந்தார். நாங்கள் தேடிய இடத்தின் நட்டநடுவில் ஒரு சாம்பல் புள்ளி இருந்தது.

நைட்ரஜன் நிரப்பி முக்கால் மணி நேரம் கழித்து விழுந்தது அது. படிகம் அனுப்பிய மின்னலையின் வடிவமும் நடுக்கத்தின் சாயல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்.

"கால் மணி நேரம் போதும்னு நீதானேம்மா சொன்ன?"

"சொன்னேன் சார்."

"அது சரிதானே?"

"சரிதான். இப்பவும் சரிதான்."

"அப்போ இது புது விதி இல்லம்மா. நீ எப்பவோ சொன்னது. உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்ததால விட்டுப்போச்சு. அவ்வளவுதானே? மாத்திடுவோமே."

எல்லோரும் அக்காவையே பார்த்தோம். அவர் திரைக்குப் பக்கத்தில் போய், தூசியைத் தட்டுவதுபோல அந்தப் புள்ளியை விரலால் ஒருமுறை தொட்டார்.

"இந்தப் புள்ளி வேற எங்கேயாவது விழுந்திருந்தா விதியை மாத்தலாம்னு இப்ப சொல்லியிருப்பீங்களா சார்?"

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"நானும் சொல்லியிருக்க மாட்டேன். பாத்துட்டோம்ல. பாத்ததுக்கு அப்புறம் எனக்கு எல்லாமே நியாயமாத்தான் தெரியுது. அதான் பயமா இருக்கு."

"அது நிஜமா இருந்தா?" என்று கேட்டது நான்தான்.

"இருக்கலாம்டி. அதுதானே கஷ்டம்." தலைவர் பக்கம் திரும்பினார். "மறைக்க வேண்டாம் சார். கட்டுரைப் படத்துல சாம்பல் புள்ளியாவே போடுங்க. ஏன் கழிச்சோம்னும் எழுதுங்க. எண்ணிக்கையில மட்டும் சேர்க்காதீங்க."

தலைவர் திரையை அணைத்தார். "பூஜ்யம்னு எழுதிடலாம்" என்றார் யாரையும் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். சரக்கு லாரியில் மூட்டை ஏற்றுபவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெட்டி திறக்கும் நாளை அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"என்னம்மா, கிடைச்சுதா?"

"இல்லப்பா."

"அப்போ சம்பளம் தருவாங்கல்ல?"

தருவார்கள் என்றேன். எனக்குத் தருவார்கள். நான் மாணவி, இந்த வெறும் கையை வைத்தும் ஒரு பட்டம் வாங்கிவிடலாம். அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்ற கேள்விதான் தூங்கவிடவில்லை. அந்த அறையில் நான் மனதுக்குள் தலைவர் பக்கம்தான் நின்றேன். ஆஸ்பத்திரியை நினைத்து, அக்காவை நினைத்து, அது நியாயம் என்றே நம்பினேன். படித்தது எனக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை அக்காவுடன் அவர் கணவரின் பஸ்ஸில் போனேன். நெஞ்சுவலிக்குப் பிறகு மறுபடி வேலையில் சேர்ந்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. வழக்கமான கிண்டல் இல்லை. இறங்கும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு வந்த வலி ஒரு மாசம் தள்ளி வந்திருக்கலாம்."

"வாயை மூடுங்க" என்றார் அக்கா. "மாத்திரையைப் போட்டீங்களா, இல்லையா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

கூடத்துக்குள் செருப்பு மாற்றிக்கொண்டு அக்கா நேராகக் கணினியின் முன் உட்கார்ந்தார். விட்டுப்போன அந்தச் சோதனையை ஓட்ட ஆரம்பித்தார். பிரிக்கும்வரை தொட்டி ஓடிக்கொண்டிருக்கும், புள்ளிகள் புதிய பெட்டி ஒன்றில் சேரும். அதைத் திறக்கும்போது அக்கா இங்கே இருக்க மாட்டார்.

மத்தியானத்துக்குள் சோதனை முடிந்தது. ஒரு மணி நேரம் என்றிருந்ததை அழித்து, கால் மணி நேரம் என்று மாற்றினார்.

"இன்னைக்கு விழுற புள்ளியில இருந்துதான் இது, பழசுக்கு இல்ல" என்று சொல்லி, எழுந்து, கையுறையைக் கழற்றினார். "நைட்ரஜன் நிரப்பச் சொல்லு."