குழாயடியில் யோகம் டீச்சர்

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் யோகம் டீச்சர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

1956இல் புதிதாக வந்த வெள்ளைக்காரத் தலைமையாசிரியை ஒரு விதி போட்டார். திருநீறோடும் பொட்டோடும் யாரும் காலை ஜெபத்துக்கு வரக்கூடாது. குழாயடியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஈரத் துண்டோடு அங்கே நிற்கும் வேலை யோகத்தின் தலையில் விழுந்தது. முதல் வாரம் துடைத்தார். பிள்ளைகளின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தங்கம் என்ற மாணவி நெற்றியைக் காட்ட மறுத்தாள். செம்பவாங் கப்பல் பட்டறையில் சாரம் சரிந்து அவள் அப்பா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

“அப்பாதான் பூசிவிடுவாரு டீச்சர். இப்ப நானே பூசிக்கிறேன். அழிக்காதீங்க.”

யோகம் துண்டைக் குழாயின்மேல் போட்டுவிட்டு, அவளை ஜெபத்துக்கு அனுப்பாமல் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார். மறுநாள் மற்றப் பிள்ளைகளையும். தலைமையாசிரியை விசாரணைக்குக் கூப்பிட்டபோது, “பயந்துகொண்டு மண்டியிடும் பிள்ளையின் ஜெபம் கர்த்தருக்கு வேண்டாம்” என்றார். அந்தப் பள்ளித் தவணையோடு அவர் வேலை போனது. அடங்காத பிள்ளை என்று தங்கத்தையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள்.

“ஏன் நீர் உதுக்குள்ள தலையிட்டனீர்?” என்று கணவர் இராஜசிங்கம் கோபப்பட்டார். சர்ச்சில் யோகம் இருந்த பெஞ்சில் ஆட்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாததைச் சொன்னவள் தங்கத்தின் அம்மா அன்னம்மா. பஃபலோ ரோட்டில் அவர்கள் குடியிருந்த அறைக்கு யோகம் போனபோது, அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“துன்னூறு அழிஞ்சா சாயந்தரம் பூசிக்கலாம் டீச்சர். படிப்பு போச்சே, அத யாரு குடுப்பா? உங்கள யாரு கேட்டா?”

தங்கம் பிஸ்கட் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். மாலையில் வீட்டுக்கு வரச்சொல்லி யோகம் பாடம் நடத்தினார். கொஞ்ச நாள் வந்தாள். கணக்குப் போடும்போதே மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவாள். அப்புறம் வரவில்லை.

ஏழு வருஷம் கழித்து, பழைய பள்ளியில் வேலைபார்த்த சரோஜினி ஓடிவந்து சொன்னார்:

“அக்கா, புதுத் தலைமையாசிரியை விதிய எடுத்துப்போட்டா. மற்றச் சமயப் பிள்ளையள் ஜெப நேரத்தில லைப்ரரியில இருக்கலாமாம்!”

“நல்லது,” என்றார் யோகம். “தங்கத்துக்கு இனி ஆர் சொல்லுறது? அவளுக்குப் படிக்கிற வயசு போட்டுது.”

சரோஜினிக்குத் தேத்தண்ணீர் போட அடுப்படிக்குப் போனார்.