செஞ்சியில் பேப்பர் கிடைக்காத நாள்

எங்கள் வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்டது பேப்பரின் மாவட்டப் பக்கம்தான். முதல் பக்கத்தில் டெல்லியே இடிந்து விழுந்தாலும் நைனா அதைப் புரட்டித் தள்ளிவிட்டு உள்ளூர்ச் செய்திக்குப் போய்விடுவார். கூட்டுரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சத்தமாகப் படிப்பார். சுற்றி நாலு பேர் டீயை ஊதிக்கொண்டே கேட்பார்கள். எந்த ஊர்க் கிணற்றில் மாடு விழுந்தது, யார் ஆட்டை யார் ஓட்டிக்கொண்டு போனது, எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் அவர்களுக்குச் செய்தி. லீவு நாட்களில் பன்னுக்கு ஆசைப்பட்டு நானும் கூடப் போவேன். அப்போது நான் நான்காம் வகுப்பு.

படிப்பதோடு நிற்க மாட்டார், தீர்ப்பும் சொல்வார். ‘இளம்பெண் மாயம்’ என்று அடிக்கடி ஒரு செய்தி வரும். பெண்ணின் பெயர், வயது, தெரு, கடைசியில் ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’. நைனா பேப்பரைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

“பொண்ண இன்னா சொல்றது? ஊட்டுல ஆம்பள சரியில்ல.”

பெஞ்சு மொத்தமும் தலையாட்டும். யார் வீடோ, எந்த ஆம்பளையோ, எங்களுக்கு என்ன வந்தது?

அத்தை, நைனாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். நர்சிங் படித்து முடித்திருந்தாள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். “மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல தங்கறதா? ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவான்” என்று நைனா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அந்த நாலு பேர் யார் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தினமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள்தானே. சண்டை முற்றிய அன்று அத்தையின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அம்மனைக் கும்பிட்டு வருவதாகச் சொல்லி அத்தை கிளம்பினாள். ஸ்பெஷல் பஸ் கூட்டத்தில் யார் எதில் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று யார் கண்டது? நடுராத்திரி அம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு விடிந்து வருவாள் என்று இருந்தோம். மறுநாள் சாயங்காலம் வரை வரவில்லை. நைனா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அங்கே எழுதிக் கொடுப்பது அப்படியே பேப்பருக்குப் போகும் என்பது, ஆயுசு முழுக்க மாவட்டப் பக்கம் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. தெரிந்த நிருபர் ஒருவர் போன் செய்து, “அண்ணே, நியூஸ் போயிடுச்சிண்ணே, என் கைல ஒண்ணும் இல்ல” என்றபோதுதான் உறைத்தது.

விடியற்காலை என்னை எழுப்பி மொபெட்டில் உட்கார வைத்தார். மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே. பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டுகளை அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாத்தயும் குடு.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “எல்லாத்தயுமா? இன்னாண்ணா, ஏதாச்சும் விசேஷமா?”

“ஆமா” என்றார் நைனா.

வீடுகளுக்குப் போட எடுத்து வைத்ததையும் விடவில்லை. முடிவெட்டும் கடை, பிறகு டீக்கடை. தான் தினமும் படிக்கிற பிரதியையே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தார். இரண்டு சாக்கு நிறைந்தது. வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். அதற்கு முன்னால் ஒன்றை உருவி என் புத்தகப் பையில் ஒளித்து வைத்தேன். எங்கள் வம்சத்தில் பேப்பரில் பெயர் வந்த முதல் ஆள் அத்தை. அவளுக்குக் காட்ட வேண்டாமா?

நாலே நாலு வரி. யாரும் கவனிக்காமல் பஜ்ஜி எண்ணெய் பிழியப் போயிருக்கும். பேப்பர் கிடைக்கவில்லை என்றதும், பேப்பரே படிக்காதவனுக்கெல்லாம் பேப்பர் வேண்டியிருந்தது. மொத்தத்தையும் ஒரே ஆள் வாங்கிவிட்டாராம் என்றதும், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. யாரோ பக்கத்து ஊர் அனந்தபுரம் போய் ஒரு பிரதி வாங்கி வந்து ஜெராக்ஸ் போட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் எங்கள் நாலு வரி கூட்டுரோட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். நைனா மூடப் போய்த்தான் அது இன்னும் பெரிதாகத் திறந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு தன் அண்ணனை அழைத்து வரப் போனாள். நைனா ஸ்டேஷனுக்குப் போனார். என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நடுப்பகலில் அத்தை வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் அதே பஸ்ஸில் ஊரைத் தாண்டி, கோட்டை ஸ்டாப்பிங்கில் இறங்கி, கொல்லை வழியாக நடந்து வந்திருந்தாள். எங்கள் வீடு அந்தப் பக்கம்தான். அந்த வெயிலில் வழியில் ஈ காக்கை இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. வேலை கிடைத்துவிட்டது, ஆர்டரைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள், அண்ணன் காலில் விழுந்தாவது சம்மதம் வாங்கிவிடலாம் என்று ஓடி வந்திருந்தாள். எனக்கு ஒரு டப்பா அல்வா.

நான் பெருமையாகப் பையிலிருந்து பேப்பரை எடுத்து நீட்டினேன். “அத்த, உன் பேரு வந்துகிது பாரு!”

நின்றபடியே படித்தாள். நாலு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்தாள்.

“அண்ணன் படிச்சாரா?”

“படிச்சாரு. ஊர்ல இருக்கற எல்லாப் பேப்பரயும் வாங்கிட்டாரு. கட்டிலுக்கு அடியில பாரு.”

குனிந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னத் தேடினாராடி?”

“இன்னிக்குப் பேப்பர் வாங்கவே நேரம் சரியா இருந்துச்சி” என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

தண்ணீர் கேட்டுக் குடித்தாள். ஒரு துண்டு அல்வாவை என் வாயில் வைத்துவிட்டு டப்பாவைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

“நான் நாலு மணி பஸ்சுக்குத்தான் போவேன். அதுவரைக்கும் கோட்ட ஸ்டாப்பிங்லதான் உக்காந்திருப்பேன். நான் வந்தன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது, இன்னா?”

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு நைனா வந்தார். சட்டைப் பையில் ஒரு ஜெராக்ஸ். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “எங்கன்னு போய்த் தேடுவன்” என்று தனக்குத்தானே சொன்னார். அவர் முதுகு குலுங்கியது. நைனா அழுது நான் பார்த்தது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரால் விசிறினேன். வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தில் நாலு அடித்ததும், சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

சில நாள் கழித்து, அத்தை சென்னையில் வேலையில் இருப்பதாகவும் வீட்டுக்கு வர விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் ஸ்டேஷனில் சொன்னார்கள். அதை எந்தப் பேப்பரும் போடவில்லை. அத்தை இன்றுவரை செஞ்சி மண்ணை மிதிக்கவில்லை. நைனா அந்த பெஞ்சில் மறுபடி உட்காரவும் இல்லை. இப்போது போனில்தான் ஊர்ச் செய்தி பார்க்கிறார். பார்த்து முடித்ததும் எப்போதாவது சொல்வார்: “ஒரு எட்டு வந்து எட்டிப் பாத்திருந்தா, நான் இன்னா தொரத்தியா உட்டிருப்பன்?” நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷம் வைத்திருந்துவிட்டு இனி எந்த வாயால் சொல்வது?

கோட்டை ஸ்டாப்பிங்கில், சென்னைக்குப் போக ஏற வேண்டிய திண்டிவனம் பஸ் கால் மணிக்கு ஒன்று நிற்கும். ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியிருக்க நாலு மணி வரை அவள் ஏன் அந்த வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் எனக்கு அன்று தோன்றவே இல்லை.