அழகருக்கு நேர்ந்த தண்ணீர்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு நடந்தது இது. சித்திரை மாதம், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு எங்கள் காரில் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது ஏழாம் மாதம். வைகைக் கரையில் சொந்தக்காரர் வீட்டு மாடியில் நல்ல இடமாகப் பிடித்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு அவசரம் கிடையாது.

வீட்டுக்குள் என் கணவர் பசு மாதிரி. சாதத்தில் கல் கடிபட்டாலும் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார். காரில் உட்கார்ந்துவிட்டாலோ ரோடு அவருடைய பாட்டன் சொத்தாகிவிடும். அன்றைக்கு வழிநெடுகத் திருவிழாவுக்குப் போகும் மாட்டு வண்டிகள். அவர் ஹாரனின் ரப்பர் பந்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கப்பலூருக்கு முன்னால் ஒரு கூண்டு வண்டி ஒதுங்கத் தாமதமானது. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய் ஹாரனை அலறவிட்டார். மாடுகள் மிரண்டு ரோட்டை விட்டு இறங்க, சக்கரம் பள்ளத்தில் விழுந்து, வண்டி கருவேல முள்ளில் சாய்ந்து நின்றது. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் வேஷத்தில், தலைப்பாகையும் குஞ்சமுமாக இருந்த ஒருவர், தண்ணீர் நிரம்பிய தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தார். அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததை அந்த மனிதர் பார்த்தார்.

கப்பலூர் தாண்டியதும் கார் புகைந்து நின்றது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணறு தேடிப் போன கணவர் வெறுங்கையோடு திரும்பினார். எனக்குத் தலை சுற்றியது. கார்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் விரட்டிய வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. யார் நிற்பார்கள்? நின்றது அந்தக் கூண்டு வண்டிதான்.

கணவர் தோல் பையைப் பார்த்துத் தயங்கித் தயங்கித் தண்ணீர் கேட்டார். அந்த மனிதர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது அழகருக்குக் கொண்டுபோறதுய்யா. எம்மக காய்ச்சல்ல கெடந்து பொழச்சதுக்கு, எங்க ஊர்க் கெணத்துத் தண்ணியப் பீய்ச்சுறேன்னு நேந்திருக்கேன்."

வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். அவர் மடியில் அந்தப் பெண், மெலிந்த கழுத்தும் பெரிய கண்ணுமாகக் கிடந்தாள்.

"புள்ளத்தாச்சி வெயில்ல உக்காந்திருக்கு. ஊத்திட்டு வாங்க."

அந்த மனிதர் மகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு பையின் வாயை அவிழ்த்து, முதலில் எனக்குக் குடிக்கக் கொடுத்தார். மிச்சம் அத்தனையும் ரேடியேட்டருக்குள் போனது.

"மதுரையில ரொப்பிக்கலாமே..." என்று கணவர் இழுத்தார்.

"எங்க ஊர்த் தண்ணிதானேய்யா நேந்தது." கோபமில்லாமல்தான் சொன்னார். வெறும் பையை மடித்து வண்டியில் போட்டுக்கொண்டார்.

எங்கள் கார் கிளம்பி அவர்களை முந்தியது. இன்னும் நாலு வண்டி தாண்டியிருப்போம், கணவர் மறுபடியும் ஹாரனை அமுக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்கில் அந்தத் தண்ணீரின் ருசி அப்படியே இருந்தது. அவரைப் பார்த்துச் சிரித்த எனக்குச் சொல்ல என்ன யோக்கியதை?

மறுநாள் மாடியில் நல்ல இடம் கிடைத்தது. ஆற்றில் எங்கு பார்த்தாலும் தலைப்பாகை, குஞ்சம், பீய்ச்சியடிக்கும் தண்ணீர். எல்லாரும் "கோவிந்தா" என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் வெறும் பையோடு நிற்கும் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டுவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

எனக்கும் பெண்தான் பிறந்தாள். அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும், அழகரிடம் நான் முதலில் வேண்டிக்கொள்வது அவளுக்காக அல்ல. எங்களால் நேர்த்திக்கடன் தீராமல் போன அந்தப் பெண், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான்.