பதினாறாவது வரி

"ஏனுங், தொடட்டுங்களா?" என்று முதலில் கல்லிடம் கேட்டுக்கொள்வார் ஞானாபரணம். பிறகுதான் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் படபடவென்று தட்டுவார். தாள் எழுத்துப் பள்ளங்களில் இறங்கி அரைகுறையாகக் காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றுவார். கறுப்புத் தாளில் ஆயிரம் வருஷத்து எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். அதைப் படித்து எழுதுவது கல்வெட்டுத் துறையில் என் உத்தியோகம். பேர் எனக்கு, பாடு அவருக்கு.

அவர் கையில் மை இல்லாமல் நான் பார்த்ததில்லை. அந்தக் கையோடுதான் டீ குடிப்பார், பீடி பற்றவைப்பார், அரசர் பெயர்களைத் தடவிப் பார்ப்பார். கறை படுமே என்றால், "ராசாங்களுக்கு என்னங்க, ஊருக்கு ஊரு பேரு இருக்குது. ஒண்ணுல கறை பட்டா கொறஞ்சா போவும்?" என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நற்கருணை வாங்க நீட்டும் கையிலும் நகக்கண் கறுப்பாகவே இருக்கும். அவர் மனைவி ரூத் எலுமிச்சம்பழத் தோலோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டார்.

தொண்ணூற்று நாலில், பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே ஒரு குளத்து மதகைப் புதுப்பித்தார்கள். பழைய மதகுக் கல்லில் எழுத்து இருப்பதாகச் சேதி வந்து இருவரும் பஸ் ஏறினோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நாக்கில் ரூத்தம்மாவின் புளிச்சோறு ருசிக்கிறது. பகல் ஒரு மணிக்குள் பதினைந்து வரிகளைப் படியெடுத்தாயிற்று. அதற்குக் கீழே கல் சேற்றில் புதைந்திருந்தது. இரண்டு மணிக்கு அதன்மேல் கான்கிரீட் விழும் என்று மேஸ்திரி பஷீர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"போதும், கிளம்பலாம். கடைசியில் சாபம்தான் இருக்கும்" என்றேன். தருமத்தை அழிப்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிப்பது கல்வெட்டு வழக்கம். நூறு கல் படித்தவன் என்ற திமிர் எனக்கு.

ஞானாபரணம் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். "இது சாபமில்லீங். கங்கைன்னு வந்தா என்ற வெரலுக்குத் தெரியுமுங்க. இதுல காணோம்." பஷீரைப் பார்த்தார். "ஏனுங் மேஸ்திரி, ரெண்டுக்கு மேல ஒரு மணி நேரங் குடுங்க. மூடிப்போட்டா அப்பறம் ஆரு தோண்டறது?"

பஷீர் வாட்சைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கலவை மெஷினை நிறுத்தச் சொன்னார். ஞானாபரணம் வெறுங்கையால் சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டுத் தாளை ஒட்டினார். அது காய்வதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. பஷீரே சிமெண்ட் மூட்டைக்குப் போட்டிருந்த தார்ப்பாயை உருவி வந்து ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனை எனக்கு. கை கடுத்தாலும் வாய் திறக்க எனக்கு முகமில்லை.

மை ஒற்றியதும் ஒரே ஒரு வரி எழுந்தது. உரக்கப் படித்தேன்: "இக்குளத்து மண் வெட்டினான் சாத்தன் கொற்றன்."

ராசாவும் இல்லை, தானம் கொடுத்தவனும் இல்லை, மண் வெட்டினவன். ஞானாபரணம் துணிப்பந்தைக் கீழே வைத்தார். "எங்கப்பனுந் தாத்தனும் இந்தப் பக்கத்துக் கொளத்துலயெல்லாம் மண்ணு வெட்டுனவங்கதானுங்க. பேரு ஒரு எடத்துலயும் இல்லீங்க" என்றார். என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் கொற்றன் கான்கிரீட்டுக்கு அடியில் போயிருப்பான்.

தூறல் விட்டதும் தாளை உரித்துக் காயவைத்தோம். மெஷின் மறுபடி ஓடியது. கலவை கல்லை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பஷீரிடம் சோப்பு கேட்டு வாங்கிக்கொண்டு ஞானாபரணம் குளத்தில் இறங்கினார். நகக்கண் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வேட்டியில் துடைத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகுதான் வந்து, அந்தத் தாளில் இருந்த பெயரை ஒற்றை விரலால் தொட்டார்.