நான் காட்டிய வழி

டொரொன்டோவிலிருந்து மூன்று மணி நேரம் காரோடி, மனைவியோடு காட்டில் கூடாரம் அடித்த அன்று நடந்தது இது. "வன்னிக் காட்டையே பார்த்த எனக்கு உதொரு காடோ?" என்று சொல்லி, வரைபடத்தைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டுத் தனியே நடக்கப் போனேன்.

ஒரு மணி நேரத்தில், விழுந்து கிடந்த அதே மரத்தை மூன்றாவது தடவையாகக் கடந்தேன். போனில் சிக்னல் இல்லை. முதலில் நாகரிகமாக "ஹெல்ப்" என்றேன். புதருக்குள் ஏதோ அசைந்ததும் கரடிதான் என்று முடிவெடுத்து, "ஐயோ அம்மா" என்று அலறினேன்.

புதரை விலக்கிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கானோடு ஒருவர் வந்தார்.

"என்ன அண்ணை, வழி மாறிட்டுதோ? கூடாரமெல்லாம் உந்த மரங்களுக்குப் பின்னாலைதான் கிடக்கு."

ஐம்பது அடிகூட இல்லை. அவரும் கூடவே வந்தார்.

"எங்கையப்பா போனனீங்கள் இவ்வளவு நேரமா? ஆரோ அலறினதும் கேட்டுது" என்றாள் மனைவி.

நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார்: "நான்தான் அக்கா வழி தவறினனான். அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்தவர்."

மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

இன்றுவரை அவளுக்கு உண்மை தெரியாது. காட்டுக்குப் போனால் என்னைத்தான் முன்னால் நடக்கவிடுகிறாள். நானும் நடக்கிறேன், அந்த மனிதர் பின்னால் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.