மாடியிலிருந்து விழுந்த பேய்

உடையார்பாளையம் பக்கம் பேய் ஓட்டிய அந்தக் கோடாங்கிக்கு வெள்ளைத் தாடி, சாயம் அடித்த கறுப்பு மீசை. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவிக்கென்றே எடுத்த பேய்ப் படம் ஓடும்போது, எந்தப் பேய் பிடித்தவரும் அவர் வாசலில் காத்திருக்க வேண்டும். அந்தப் படத்தில் வந்த பேயைத்தான் அடுத்த வாரம் முழுவதும் எங்கள் பக்கத்துப் பெண்களிடமிருந்து ஓட்டுவார்.

எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய நான், கல்யாணம் வேண்டாம், அரியலூர் காலேஜில் சேர்கிறேன் என்றேன். இது பேய்ப் பேச்சு என்று அம்மா மறுநாளே என்னை அவரிடம் இழுத்துப் போனார்.

அவர் உடுக்கையை அடித்து, "எந்த மாடியிலேர்ந்துடி வுழுந்த? சொல்லு!" என்று அதட்டினார்.

"எங்க ஊர்ல மாடி வூடே இல்லீங்க. அது நேத்து டிவியில வுழுந்த பேய்ங்க."

உடுக்கை நின்றது. அம்மாவைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"முழுசாப் பாத்தியா? இங்க பாதியில கரண்டு போயிடுச்சு. கடைசியில அது எப்படித்தான் போச்சு?"

படத்தில் அதைச் சாட்டையால் அடித்து விரட்டியதை நான் பார்த்திருந்தேன். ஆனால், "அந்தப் பொண்ண மேல படிக்க வச்சாங்க. தானா போயிடுச்சுங்க," என்றேன்.

அம்மா திரும்பியதும் கோடாங்கி என் நெற்றியில் திருநீறு பூசினார். "இது அடிச்சாப் போற பேய் இல்ல தாயி. காலேஜுல சேத்துவுடு."

அடுத்த ஆண்டு நான் அரியலூர் போகும் பஸ்ஸில் புதிதாக இரண்டு பெண்கள் ஏறினார்கள். காலேஜுக்கு அனுப்பச் சொன்னது அந்தக் கோடாங்கிதானாம். அத்தனை பேய்ப் படம் பார்த்தவர் என் புளுகை நிஜமாகவே நம்பினாரா என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.