நரிக் கலியாணக் குடை

நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற, உள்ளிருந்து பார்த்தால் வானம் தெரிகிற பிளாஸ்டிக் குடையின் கம்பி ஒன்று நேற்று வளைந்து கிடந்தது. பிள்ளைகளே, உங்கள் மூன்று பேரிடமும் கேட்டேன். மூன்று பேரும் "நானில்ல வாப்பா" என்றீர்கள். நான் ஏசவில்லை. அந்தக் குடை வந்த கதையை உங்களுக்கு எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நீங்கள் பிறப்பதற்கு முன் நான் ஜப்பானில், பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகம் எடுக்கிற யார்டில் வேலை செய்தேன். முதலாளி மெலிந்த மனிதர், மனைவியை இழந்தவர். நான் தொழும்போது கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை சத்தமின்றி நட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். யார்டின் மூலையில் சிறு மரக்கோயில். அதன் முன்னால் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய இரண்டு கல் நரிகள். நெல்லைக் காக்கிற தெய்வத்துக்கு நரிதான் தூதர் என்பது அவர்கள் நம்பிக்கை. வயது ஏற ஏற நரிக்கு வித்தை கூடுமாம். மனித வேடம் போட்டு, பொய் சொல்லி, மனிதரோடு குடும்பமும் நடத்துமாம். பொரித்த சோயாக் கட்டி என்றால் அதற்கு உயிராம். காலையில் ஒரு துண்டு அங்கே வைக்காமல் முதலாளி வேலை தொடங்கமாட்டார். நம் ஊர் வரிப்பத்தான்சேனையில் கோழியைக் காப்பாற்ற நரியை விரட்டுகிற என் மாமாமாரை நினைத்து எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு நாள் வெயிலோடு மழை பெய்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பான் மொழியில், "இண்டைக்கு நரிக்குக் கலியாணம்" என்றேன். முதலாளியின் கையிலிருந்த ஸ்பெனர் விழுந்தது.

"ஆரு உனக்குச் சொன்ன?"

"எங்கட ஊர்ல சின்னப் புள்ளைகளும் சொல்லுமே."

இத்தனை கடல் தாண்டியும் அதே கலியாணமா என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தக் கலியாண ஊர்வலத்தை மனிதர் பார்த்தால் நரிகளுக்குப் பிடிக்காதாம். சிறுவயதில் அவருடைய தாய் அவரை அந்த மழையில் வெளியே விடமாட்டாராம்.

சில மாதங்களில் அவருக்கு வயிற்றில் ஒப்பரேசன். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், "நரிகளுக்குச் சாப்பாடு வைப்பியா?" என்று கேட்டார். எனக்காகக் கிரைண்டரை நிறுத்துகிற மனிதர். மாட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. ஓம் என்றுவிட்டேன். மறுநாள் சோயாத் துண்டோடு நரிகளின் முன்னால் போய் நின்றேன். கை நீளவில்லை. படைப்பது நம் மார்க்கத்தில் இல்லாதது, பிள்ளைகளே. சருகுகளை மட்டும் கூட்டிவிட்டுத் திரும்பினேன். மூன்று நாள் நரிகளின் தட்டு வெறுமையாகக் கிடந்தது. அவரோ என் ஓமை நம்பிப் படுத்திருந்தார். வேலை போவதைவிட, இனி அவர் என்னை நம்பமாட்டார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், அவர் கட்டில் ஓரம் நின்று சொன்னேன்: "நான் வைக்கல்ல. எங்கட மார்க்கத்துல ஏலாது. அண்டைக்கு வெக்கத்துல ஓம் எண்டுட்டன்."

அவர் என் பக்கம் திரும்பி, "மூணு நாளா ரெண்டு பேரும் பட்டினியா?" என்றார். "நரியெண்டா இப்பிடி வந்து சொல்லாது. இப்ப விளங்கிட்டு, நீ மனிசன்தான்."

பக்கத்து வீட்டுக்காரருக்கு அவரே போன் எடுத்துச் சாப்பாடு வைக்கச் சொன்னார். புறப்படும்போது ஜன்னலுக்கு வெளியே வெயிலும் மழையும். கட்டிலில் மாட்டியிருந்த குடையை நீட்டி, "கலியாணத்தப் பாத்திராத, தலையக் குனிஞ்சு போ" என்றார். எல்லாம் தெரிகிற குடையைத் தந்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். சுகமாகி வந்தபின் திருப்பிக் கொடுத்தேன். "உன்ட புள்ளைகளுக்கு வை" என்று வாங்க மறுத்துவிட்டார்.

இதுவரை எழுதியபோது உங்களில் இளையவள் மேசையருகே வந்து நின்றாள்.

"வாப்பா, குடைய நான்தான். பூனைக்குப் புடிச்சன்."

"பூனைக்கா?"

"அது நனஞ்சிதானே!"

"நீங்க மனிசர்தான் மகள்" என்றேன்.

"பின்ன, பூனையா?" என்று முகத்தைச் சுளித்தாள்.

வீட்டைச் சுற்றியுள்ள வளவுக்குப் போய்க் குடையை விரித்தோம். ஒரு பக்கம் கொஞ்சம் தொங்கியது. வானம் முழுதாகத் தெரிந்தது.